பழைய பலகையும் ஒரு பறவையும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



இருப்பதைக் கொண்டு காரியம் முடிப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். இதைத் தோட்டத்து மக்களுக்கு நான் வந்தா சொல்லிக் கொடுக்க வேண்டும்? ஒட்டுப்பாலைச் சுற்றிச் சுற்றிப் பந்து செய்து ஆடியவர்கள் உங்கள் தாத்தாமார். மண்ணெண்ணெய் டின் வாளியாயிற்று, பால் டின் அரிசி அளக்கும் படியாயிற்று, பாட்டியின் பழைய சேலை ஏணையாயிற்று. ஆகவே அதையெல்லாம் விட்டுவிட்டு, நம் தலைக்கு மேலேயே இருந்தும் நாம் நெடுநாள் சட்டை செய்யாத ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். அதுதான் கூகை. வெள்ளை வயிறும் வட்ட முகமும் கொண்ட ஆந்தை. கிராமத்திலே அதைச் சாக்குருவி என்பார்கள். மலாய்க்காரர்களும் ஆந்தையை 'பூரோங் ஹந்து', அதாவது பேய்ப் பறவை என்றுதான் சொல்கிறார்கள். பயப்படுவதில் மட்டும் என்ன ஒற்றுமை பாருங்கள்!

முதலில் எலியைப் பார்ப்போம். நம் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் ஹென்றி ஃபாகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கினார். பெயரோ தென்னமரம், நட்டதோ செம்பனை! பிற்காலத்தில் ரப்பர் போய்ச் செம்பனை பெருகப் பெருக, எலிக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. ஆண்டு முழுவதும் பழம். வெட்டிக் குவித்த மட்டைகளுக்கு அடியிலே வீடு. கவனிக்காமல் விட்டால் விளைச்சலில் நூற்றுக்கு 5 பங்கு வரை எலிக்கே போகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதோடு போகிறதா? எலியின் சிறுநீர் கலந்த ஈரத்தில் வெறுங்காலோடு நடப்பவருக்கு எலிக்காய்ச்சல் வரும். உயிருக்கே ஆபத்தான நோய் அது.

விஷம் வைத்தார்கள். மரத்தடி தோறும் கட்டி கட்டியாக வைத்தார்கள். கொஞ்ச காலம் கேட்டது. 1980களின் தொடக்கத்திலேயே 'வார்ஃபரின்' என்ற விஷத்தைத் தின்றும் சாகாத எலிகள் காணப்பட்டன. அதைவிடக் கடுமையான விஷம் வந்தது. அந்த எலியைத் தின்ற கூகையும் செத்தது. எலியைத் தின்பவனைக் கொன்றுவிட்டு எலியோடு மல்லுக்கட்டுவது எந்த ஊர்க் கணக்கு?

இந்தக் கூகை முன்பு மலாயாவில் அபூர்வம். 1960களின் இறுதியில்தான் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அது குஞ்சு பொரித்தது பதிவாயிற்று. எலி இருக்கும் இடம் தேடி அதுவாகவே வந்தது. ஆனால் ஒரு சங்கடம். கூகைக்குக் கூடு கட்டத் தெரியாது, அதற்கு மரப்பொந்து வேண்டும். செம்பனையில் பொந்து ஏது? பங்களாக் கூரையிலும் ஸ்டோர் பரணிலும் ஒண்டிக் கிடந்தது. இதைக் கவனித்தவர்கள் பலகையால் பெட்டி செய்து, ஏறக்குறைய 15 அடி உயரக் கம்பத்தில் நட்டு வைத்தார்கள். அவ்வளவுதான் செலவு! சுமார் 25 ஏக்கருக்கு ஒரு பெட்டி. பறவை குடி வந்துவிட்டது. நம் பக்கத்துத் தஞ்சோங் காராங் நெல்வயல்களிலும் இந்தப் பெட்டி உண்டு. போகிற வழியில் பார்த்திருப்பீர்கள், புறாக்கூடு என்று நினைத்திருப்பீர்கள்.

கும்மிருட்டில் அது எப்படி எலி பிடிக்கிறது தெரியுமா, பிள்ளைகளே? காதால்தான்! ஒரு காது சற்று மேலே, மற்றது சற்றுக் கீழே. சத்தம் இரண்டிலும் சேரும் வித்தியாசத்தை வைத்தே எலி இருக்கும் இடத்தைக் குறித்துவிடும். சிறகின் ஓரம் மென்மையாக இருப்பதால் பறக்கும் ஓசையும் கேட்காது.

நம்ம ஆளுக்கு இது தெரியாமலில்லை. தமிழ்நாட்டு உழவர்கள் வயலில் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு வைப்பார்கள். இரவில் ஆந்தை அதிலே உட்கார்ந்து எலி பிடிக்கட்டும் என்றுதான். வீட்டுக்கூரையில் உட்கார்ந்தால் சாக்குருவி, வயலில் உட்கார்ந்தால் காவல்காரன்! கல்லெடுத்து எறிகிற அண்ணன்மார்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

பெட்டி வைத்த மறுநாளே எலி ஓடிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். எலி மிஞ்சிவிட்ட இடத்தில் முதலில் வேறு வழியில் குறைத்துவிட்டு, பிறகு கூகையிடம் ஒப்படைப்பதுதான் நடைமுறை. கடும் விஷமும் கூகையும் ஒரே இடத்தில் ஒத்துப்போகாது. முட்டையும் குஞ்சும் இருக்கும்போது பெட்டியைத் திறந்து பார்க்கக் கூடாது, தாய் விட்டுவிட்டுப் போய்விடக்கூடும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. கூகை எலியை முழுசாக விழுங்கி, எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். பெட்டிக்கு அடியிலே அவை கிடக்கும். ஆசிரியரோடு போய், கையுறை போட்டுப் பொறுக்கி, சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிரியுங்கள். மண்டையோடுகளை எண்ணினால் எத்தனை எலி என்று தெரிந்துவிடும். பிறகு கையை நன்றாகக் கழுவுங்கள். தாய்மார்களே, பிள்ளை வந்து பழைய பால் டின் ஒன்று கேட்டால், எதற்கு என்று கேட்காமல் கொடுத்துவிடுங்கள்.