சோப்பு உறையில் ஓர் எண்



மலையில் கொழுந்து எடுத்து வந்ததும் நம்மில் பலர் துணி சோப்பாலேயே முகம் கழுவுகிறோம். தேவிகுளத்துக் குளிரில் கன்னம் வெடிக்கிறது, எரிகிறது. குளிர் மட்டுமா காரணம்? துணி சோப்பில் காரம் அதிகம். தோலில் உள்ள எண்ணெயை அது எடுத்துவிடும்.

குளிக்கும் சோப்பு வாங்கும்போது உறையைப் பாருங்கள். டி.எஃப்.எம். என்று ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். சோப்பில் உள்ள கொழுப்புப் பொருளின் அளவு அது. 76-க்குக் குறையாமல் இருந்தால் முதல் தரம். 70 முதல் 75 வரை இரண்டாம் தரம். 60 முதல் 69 வரை மூன்றாம் தரம். வறண்ட தோலுக்கு முதல் தரம் நல்லது.

புது சோப்பை முதலில் கையில் போட்டுப் பாருங்கள். அரித்தால் முகத்துக்கு வேண்டாம்.

எண் படிக்கக் கற்றுக்கொண்டோம் அல்லவா? சம்பளத்தன்று கடையில் அந்த எண்ணை நீங்களே படித்து வாங்குங்கள்.