எக்மோ: பச்சிளம் குழந்தையின் நுரையீரலுக்கு ஓய்வு

(தாய்-சேய் நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



'எக்மோ' என்ற சொல்லை நாம் பெரும்பாலும் துக்கச் செய்தியோடுதான் கேட்டிருக்கிறோம். 2016இல் ஜெயலலிதா, 2020இல் எஸ்.பி.பாலசுப்ரமணியம். அதனால் பிறந்த குழந்தைக்கு எக்மோ வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும், "இனி எதற்கு?" என்று கேட்டுவிடுகிறோம். குழந்தைகள் விஷயத்தில் அப்படி முடிவு கட்டிவிடக் கூடாது.

எக்மோ என்ன செய்கிறது? கழுத்து இரத்தக்குழாய் வழியாக இரத்தத்தை வெளியே எடுத்து, கரியமில வாயுவை நீக்கி, ஆக்சிஜனைச் சேர்த்து, உடல்சூட்டோடு திருப்பி அனுப்புகிறது. அது நோயைக் குணப்படுத்துவதில்லை. நுரையீரலும் இதயமும் தேறும்வரை அவற்றின் வேலையைப் பார்க்கிறது.

தாயின் வயிற்றிலேயே மலம் கழித்து, அதை மூச்சோடு உள்ளிழுத்துவிடும் குழந்தைகள் உண்டு. அந்த நுரையீரல் பெரும்பாலும் சில நாட்களில் தேறக்கூடியது. அதுவரை உயிர் தாங்க வேண்டும். 1975இல் கலிபோர்னியாவில் இப்படியொரு பெண் குழந்தையை டாக்டர் ராபர்ட் பார்ட்லெட் இந்த இயந்திரத்தில் இணைத்தார், அவள் பிழைத்தாள். செவிலியர்கள் அவளுக்கு எஸ்பெரான்சா என்று பெயரிட்டனர். ஸ்பானிய மொழியில் 'நம்பிக்கை' என்று பொருள்.

பிரிட்டனில் நடந்த ஆய்வின் முடிவு 1996இல் வெளியானது. எக்மோவுக்கு அனுப்பப்பட்ட 93 குழந்தைகளில் 30 பேர் இறந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்ற 92 பேரில் 54 பேர் இறந்தனர்.

ஆனால் எல்லாக் குழந்தைக்கும் இது பொருந்தாது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுப்பதால் மூளையில் இரத்தக்கசிவு ஏற்படலாம். ஆகவே 34 வாரம் நிறையாத, 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பொதுவாகச் செய்வதில்லை. தேற வழியில்லாத கோளாறுக்கும் பயன்படாது. அந்நிலையில் மருத்துவர் வேண்டாம் என்றால், "பணமிருந்தால் காப்பாற்றியிருக்கலாமே" என்று பெற்றோரிடம் யாரும் சொல்லாதீர்கள்.

பெரும்பாலான மருத்துவமனைகளில் இந்த வசதி இல்லை. வெண்டிலேட்டர் வைத்தும் ஆக்சிஜன் ஏறவில்லையென்றால், அப்போதே மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்தக் கோளாறு தேறக்கூடியதா? எக்மோ உதவுமா? எங்கே, எப்போது மாற்ற வேண்டும்? நிலைமை முற்றிய பிறகு ஆம்புலன்ஸில் ஏற்றுவதே குழந்தைக்கு ஆபத்து.

துஆ கேட்போம், மருத்துவரிடம் கேட்க வேண்டியதையும் நேரத்தோடு கேட்போம். நம் குழந்தைகளுக்கு அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக. ஆமீன்.