சிறையிலிருந்து சிகிச்சைக்கு

அமெரிக்காவின் மயாமி நகரில், ஸ்டீவன் லைஃப்மன் என்ற நீதிபதியின் முன்னிலையில், ஒரு காலத்தில் ஹார்வர்டில் பயின்று மனநோய் வைத்தியராகவே விளங்கிய ஒருவர், சித்தம் கலங்கிய கைதியாக வந்து நின்றார். அவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்யும் மார்க்கம் நீதிமன்றத்துக்கு இல்லையே என்று மனம் நொந்த அந்த நீதிபதி, 2000ஆம் ஆண்டில் ஒரு புதிய ஏற்பாட்டைத் தொடங்கினார். அதன்படி, சிறு குற்றங்களுக்காகப் பிடிபட்ட மனநோயாளிகள் ஓரிரு தினங்களுக்குள் சிறையினின்று சிகிச்சை நிலையத்துக்கு மாற்றப்பட்டு, பின்னர் இருக்க இடமும், உட்கொள்ள மருந்தும், அதே நோயிலிருந்து மீண்டு வந்த ஒருவரின் துணையும் பெற்று, ஊரோடு சேர்ந்து வாழ வழி செய்யப்படுகிறது. நோயிலிருந்து மீண்டவரே துணை நிற்கும் இந்த அம்சமே என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது. போலீஸ்காரர்களுக்கும், கலங்கிய மனிதரிடம் நிதானமாகப் பேசிப் பழகும் பயிற்சி அளித்தார்கள். கைதுகள் குறைந்து, அந்த வட்டாரத்தில் ஒரு சிறைச்சாலையே மூடப்பட்டது.