கை அறிந்ததை யார் எழுதுவது?



மயிலாப்பூரில் நின்று பேசுவதால் தேரிலிருந்தே தொடங்குகிறேன். பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாள் கபாலீசுவரர் தேர் மாட வீதிகளில் வரும்போது நம் கண்ணெல்லாம் மேலே இருக்கும். கொஞ்சம் கீழே பாருங்கள். முட்டுக்கட்டையும் கையுமாகச் சிலர் சக்கரத்தை ஒட்டியே குனிந்து நடப்பார்கள். தேர் திரும்புவதும் நிற்பதும் அவர்கள் கையில்தான். எந்தச் சக்கரத்துக்கு, எந்தச் சாய்வில், எந்த நொடியில் கட்டையைக் கொடுப்பது? கேட்டால் சிரிப்பார்கள். ஊர்ப் பேச்சில் முட்டுக்கட்டை போடுகிறவன் காரியத்தைக் கெடுப்பவன். இங்கே போடாவிட்டால்தான் காரியம் கெடும். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்தியது. அப்புறமும் அங்கே முட்டுக்கட்டைக்காரர்களுக்கு வேலை இருக்கிறது.

வேதியியலில் இருந்து தத்துவத்துக்கு வந்த மைக்கேல் போலானி, 1966-இல் வெளியான தம் நூலில் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருப்பதைத்தான் ஆராய்ந்தார். நம்மால் சொல்ல முடிவதைவிட நாம் அறிந்தது அதிகம் என்பது அவர் கட்சி.

நான் இதைப் பட்டறையில் கற்றேன். ஓய்வு பெறப்போகும் ஃபிட்டர் ஒருவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, "தெரிஞ்சதையெல்லாம் எழுதிக் கொடுங்க அண்ணே" என்றோம். நாலு பக்கம் எழுதினார். அதில் ஒரு வரி: சத்தம் மாறினால் நிறுத்தவும். "எப்படி மாறும்?" என்றேன். "மாறும் சார், தெரியும்." அவருக்குத் தெரிந்தது, எங்களுக்குத் தெரியவில்லை. அவர் போன பிறகு ஒரு பேரிங் போனது.

எடின்பரோவின் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தில் இப்படி எழுதித் தரச் சொல்லிக் கேட்பதையே கைவிட்டார்கள். பொறியாளர் தலையில் மெய்நிகர்க் கருவியை மாட்டி, வயரிங் ஹார்னஸ் என்னும் வயர்க் கட்டை வடிவமைக்கச் சொன்னார்கள். எந்த வயரை எடுத்தார், எங்கே வளைத்தார், எதை அழித்துவிட்டு மறுபடி போட்டார் என்று ஒவ்வொரு அசைவையும் கணினி குறித்துக்கொண்டது. குறுக்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. பிற்பாடு அந்தக் குறிப்பிலிருந்து வேலை நடந்த முறையையும் பொருத்தும் வரிசையையும் பிரித்தெடுத்தார்கள். எனக்குப் பிடித்தது அந்த அழித்துப் போட்ட இடங்கள்தான். முடிந்த வரைபடத்தில் அவை இருக்காது. அனுபவம் ஒளிந்திருப்பதோ அங்கேதான். ஏன் அழித்தார் என்பது மட்டும் அசைவில் பதியாது. அதற்கு அந்த இடத்தைத் திரும்ப ஓட்டிக் காட்டி, "இங்கே ஏன் தயங்கினீங்க?" என்று கேட்கலாம். வெறும் நோட்டை நீட்டிக் கேட்பதைவிட இதற்கு நல்ல பதில் வரும்.

ஆனால் காற்றில் பிடித்த வயருக்குக் கனமில்லை. முட்டுக்கட்டைக்காரர் தேரைப் பாதி உள்ளங்கையால்தான் பார்க்கிறார். இந்தக் குறையைத் தீர்க்க வெகுதூரம் போக வேண்டாம். அடையாற்றுக்கு அடுத்தே இருக்கும் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் மணிவண்ணன் குழுவினர் தொடு உணர்வைக் கணினிக்குள் கொண்டுவரும் ஹேப்டிக்ஸ் துறையில் பல ஆண்டுகளாக உழைக்கிறார்கள். பிடித்த கைக்கு எதிராகக் கருவி தள்ளும். கை அதற்கு எவ்வளவு விசை கொடுத்தது என்பதையும் அளக்கலாம்.

ஒரு சந்தேகம் மட்டும் என்னை விடவில்லை. நாற்பது வருடக் கைப்பழக்கத்தை ஒரு வாரத்தில் பதிவு செய்துகொண்டால் அந்தக் கோப்பு யாருக்குச் சொந்தம்? எங்கள் ஃபிட்டருக்கு அந்த நோட்டுக்காக ஒரு சால்வை போர்த்தினோம். அவ்வளவுதான். இங்கே வந்திருக்கும் மாணவர்களே, பங்குனிக்கு மாட வீதிக்குக் கருவியோடு வாருங்கள். முட்டுக்கட்டைக்காரர்கள் தலையில் அதை மாட்டுவதற்கு முன் சம்பளத்தைப் பேசிவிடுங்கள்.