ஏற்றத்தில் நின்ற வண்டி
(ஓட்டுநர் குடும்பங்களுக்கான கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)





கல்வி உதவித்தொகை பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதற்கு வேறு நாள் இருக்கிறது. பாரம் ஏற்றிய டிரெய்லர் வண்டி ஏற்றத்தில் நின்றுவிட்டால் அதை எப்படிக் கிளப்புவது என்பதுதான் இன்றைய பேச்சு. இது மெக்கானிக் பேச வேண்டியது, டிரஸ்டுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்டார்கள். பைத்துல்மாலுக்கு வரும் மனுக்களைப் படிக்கிறவர்கள் நாங்கள். சென்ற அரவைப் பருவத்தில் ஒரு மனு வந்தது. பின்னால் உருண்ட டிரெய்லருக்குக் கையால் கல் வைக்கப் போன இளைஞருக்கு வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. சிகிச்சைக்கு நம்மால் ஆனதைக் கொடுத்தோம். அவர் வீட்டுக்கு நாம் கொடுத்த தொகையில் நூறு மரக்கட்டைகள் அறுத்திருக்கலாம்.

நம் திருவாலங்காட்டில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. பருவம் தொடங்கினால் பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, திருத்தணி பக்கத்திலிருந்து கரும்பு டிராக்டர்கள் வரிசையாக வரும். அந்தப் பக்கம் எல்லாம் குன்றும் மேடும். வெட்டிய கரும்பு காயக் காய எடையும் சர்க்கரைச் சத்தும் குறைகிறது. அதனால் எல்லோருக்கும் அவசரம். ஒரே நடையில் முடிக்கலாம் என்று இரண்டு டிரெய்லரைக் கோத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். நம் பிள்ளைகளில் வேறு சிலர் சித்தூர், பலமனேர் வழியாக பெங்களூருக்கு டிரெய்லர் லாரி ஓட்டுகிறார்கள். மொகிலி கணவாய் என்றால் இங்கே உட்கார்ந்திருக்கும் எத்தனையோ தாய்மார்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

கணக்கு கொஞ்சம் பார்ப்போம். சமதரையில் ஒரு டன் பாரத்தை நகர்த்த ஏறக்குறைய பத்து கிலோ இழுவிசை போதும். 20 அடி போனால் 1 அடி ஏறும் சாலையில், அதே ஒரு டன்னுக்குக் கூடுதலாக 50 கிலோ வேண்டும். அதாவது ஐந்தாறு மடங்கு. 2018-இல் மத்திய அரசு டிரெய்லர் லாரிகளின் உச்ச எடையை 49 டன்னிலிருந்து 55 டன்னாக உயர்த்தியது. அப்படிப்பட்ட வண்டி அந்த ஏற்றத்தில் பின்னால் போகாமல் நிற்பதற்கே 2,750 கிலோ விசை தேவை. ஓடிக்கொண்டிருக்கும்போது வேகம் கைகொடுக்கும். நின்றபின் எல்லாம் இன்ஜின், கிளட்ச், டயர் மூன்றின் தலையில்தான்.

அதனால் லாரிக்காரர்கள் முதலில் காற்று மீட்டரைப் பார்க்க வேண்டும். டேங்கில் காற்று குறைந்திருந்தால் டிரெய்லர் பிரேக் முழுதாக விடாது. அது தெரியாமல் ஆக்சிலேட்டரை அழுத்தினால் கிளட்ச் பிளேட் கருகும், வாசனையே சொல்லும். காற்று நிரம்பும்வரை காத்திருங்கள். பின்னால் ஹாரன் அடிக்கிறவர் அடித்துக்கொள்ளட்டும். டிரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடி முதல் கியரில் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டால் ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் கனக்கும், கேபின் லேசாக விம்மும். அப்போது பிரேக்கை விட வேண்டும். அதற்கு முன்னால் விட்டால் வண்டி பின்னால் போகும். ஏற்றம் முடியும்வரை கியர் மாற்றாதீர்கள். ஹாஃப் கிளட்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடிக்கும் பழக்கம் கெட்ட பழக்கம். புதிய லாரிகள் சிலவற்றில் ஏற்றத்தில் பின்னுருளாமல் பிடிக்கும் வசதி உண்டு. அது சில நொடிகளுக்கு மட்டுமே.

டயர் சுற்றி வண்டி நகராவிட்டால் நிறுத்திவிடுங்கள். சக்கரத்தடியில் மண்ணோ ஜல்லியோ போட்டு, டிஃபரன்ஷியல் லாக் இருந்தால் போட்டு, இன்னொரு முறை பாருங்கள். அதற்கும் வராவிட்டால் வேறு வண்டியைக் கூப்பிட வேண்டியதுதான். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. 2018 டிசம்பரில் வந்தவாசிப் பக்கம் கொரக்கோட்டையிலிருந்து பெங்களூருக்குப் பெருமாள் சிலைக்கான பெரும்பாறையை ஏற்றிச் சென்ற வண்டிக்கு 240 சக்கரம். போய்ச் சேர ஏறக்குறைய ஆறு மாதம் ஆனது.

டிராக்டர் விஷயம் இதைவிட ஆபத்தானது. லாரி பின்னால் உருளும். டிராக்டர் தலைகீழாகக் கவிழும். பாரம் பின்னால் இழுக்க, கிளட்சைச் சடாரென்று விட்டால் முன் சக்கரம் தரையை விட்டு எழும். கவிழ இரண்டு நொடிகூட ஆகாது. எழுவது தெரிந்தவுடன் கிளட்சை மிதித்தால் மூக்கு கீழே இறங்கும். ஆனால் அப்போது டிரெய்லர் பின்னால் உருளத் தொடங்கும். அதனால்தான் முயற்சி செய்வதற்கு முன்பே டிரெய்லர் சக்கரத்துக்குப் பின்னால் கட்டை இருக்க வேண்டும் என்கிறோம். நின்ற வண்டியை இழுக்கச் சங்கிலியை உயரத்தில், டாப் லிங்க் பக்கம் மாட்டுகிறார்கள். இதை ஒருபோதும் செய்யாதீர்கள். கீழே கொக்கியில்தான் மாட்ட வேண்டும். உழும்போது தனித்தனியாக மிதிக்கும் இரண்டு பிரேக் பெடலையும் ரோட்டுக்கு வந்ததும் பூட்டிச் சேர்த்துவிடுங்கள். இரட்டை டிரெய்லர் ஏறவில்லை என்றால் ஒன்றைக் கழற்றி ஓரமாக நிறுத்தி, ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். அரை மணி நேரம் போகும், போகட்டும்.

கட்டை பற்றி. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கல் வைத்து வண்டியைக் கிளப்பிவிட்டு, அந்தக் கல்லை நடுரோட்டிலேயே விட்டுப் போகிறார்கள். இரவில் பைக்கில் வருகிறவர் அதில் மோதுகிறார். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று மதரஸாப் பிள்ளைகூட ஓதும். இடையூறை நாமே போட்டுவிட்டுப் போனால் என்ன கணக்கு? கட்டையில் சங்கிலி கோத்து டிரெய்லர் சட்டத்தில் மாட்டிவிட்டால் அது சக்கரத்துக்குப் பின்னாலேயே இழுபட்டு வரும். கை வைக்கவும் வேண்டாம், ரோட்டில் கிடக்கவும் கிடக்காது.

இறக்கம் பற்றி ஒரே வார்த்தை. தருமபுரி தொப்பூர் கணவாயில் 2020 டிசம்பரில் ஒரு லாரி வரிசையாக நின்ற கார்கள்மேல் ஏறி நான்கு பேர் இறந்தார்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கும் பழக்கம் அந்தச் சாலையில் பேர்போனது. எந்தக் கியரில் ஏற வேண்டுமோ அதே கியரில் இறங்குங்கள்.

உரிமையாளர்களாக இருக்கும் சகோதரர்கள் சிலரும் வந்திருக்கிறீர்கள். டன்னுக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் ஓட்டுகிறவர் கூடுதல் பாரம்தான் ஏற்றுவார். கிளீனரை நிறுத்திக் கூலியை மிச்சம் பிடித்தால், ஏற்றத்தில் இறங்கிக் கட்டை வைக்க ஆள் இல்லை. இதை நாங்கள் சொன்னால் கோபப்படுகிறீர்கள். ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. டிராக்டரைப் போலவே டிரெய்லருக்கும் பதிவும் இன்ஷூரன்ஸும் வேண்டும். விபத்துக்குப் பிறகு பேப்பரைத் தேடிக்கொண்டு டிரஸ்ட் வாசலில் நிற்பது அந்த ஓட்டுநரின் மனைவிதான்.

தாய்மார்களே, கணவாய் ஏறும் நேரத்தில் போன் செய்து "எங்கே வருகிறீர்கள்" என்று கேட்காதீர்கள். ஏறி முடித்து அவர்களே கூப்பிடட்டும்.

கருவேல மரத்தில் அறுத்த கட்டைகள், சங்கிலியோடு, ஒளுச் செய்யும் இடத்துக்குப் பக்கத்து அறையில் இருக்கின்றன. மஃரிபுக்குப் பிறகு வண்டிக்கு இரண்டு வீதம் வாங்கிக்கொள்ளலாம். எந்தச் சமுதாய ஓட்டுநராக இருந்தாலும் கொடுப்போம். உங்களோடு ஓட்டுகிறவர்களிடமும் சொல்லுங்கள். டிரெய்லரின் ஆர்.சி., இன்ஷூரன்ஸ் நகலைக் கொண்டுவந்தால் தேதி முடிந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல நம் அலுவலகத்தில் ஆள் இருக்கிறார். வஸ்ஸலாம்.