கேட்கும் உள்ளம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விவிலியம் காட்டும் ஞானத்தைக் குறித்துச் சில சொற்கள் கூறுமாறு நம் செயலாளர் பணித்தார். பல சமயத்தாரும் ஒரு குடும்பமாகக் கூடியுள்ள இப்பேரவையில் சமய விரிவுரை ஆற்ற நான் எழவில்லை. ஒரு கணக்கனின் அன்றாட வாழ்வில் ஒரு நூல் செய்த பணியை மட்டும் சொல்லி அமைகின்றேன்.

தமிழுக்கும் அந்நூலுக்கும் உள்ள உறவு பழமையானது. சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் அச்சிட்டு முடிக்கப்பெற்றது. பழைய ஏற்பாட்டிலுள்ள நீதிமொழிகள் என்னும் பகுதி 31 அதிகாரங்களைக் கொண்டது. நாளுக்கு ஒன்றாக அவற்றை ஓதும் வழக்கம் கிறித்தவ இல்லங்கள் பலவற்றில் உண்டு. அதன் 8ஆம் அதிகாரத்தில் ஞானம் ஒரு பெண்ணாக நின்று குரலெழுப்புகின்றது. நிற்குமிடம் ஆலயமன்று, வழிகள் கூடும் சந்தியும் நகரவாயிலுமே. அக்காலத்தில் வழக்குத் தீர்க்கப்பட்டதும் நகரவாயிலில்தான். ஆதலின், தெய்வ ஞானத்தைத் தேடுவோன் தன் தொழிற்களத்திலேயே தேடவேண்டும் என்பது பெறப்படும்.

1987ஆம் ஆண்டில் நான் இந்நகர்த் தொழிற்சாலை ஒன்றில் பண்டகசாலைக் கணக்கனாக இருந்தேன். ஆண்டிறுதிக் கணக்கெடுப்பில் செப்புக் கம்பிச் சுருள்கள் நான்கு குறைந்தன. சுமை தூக்கும் முதியவர் ஒருவர்மேல் ஐயம் விழுந்தது. அவர் எழுத்தறியாதவர், அதிகாரி முன் வாய் திறக்க அஞ்சுபவர். மூன்று நாள் வேலையின்றி வெளியே நிறுத்தப்பெற்றார். மூன்றாம் நாளிரவு பழைய சீட்டுகளைப் புரட்டினேன். அந்நான்கு சுருள்களையும் வழங்கிய சீட்டை நானே பேரேட்டில் பதியாது விட்டிருந்தேன்! பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்த காலம் அது. மனைவி மக்கள் உறங்கினர். வாய் மூடியிருந்தால் எவரும் அறியார்.

அன்று மார்ச்சு 31. வழக்கம்போல் அந்நாளுக்குரிய அதிகாரத்தை எடுத்தேன். 31ஆம் அதிகாரம், லேமுவேல் என்னும் அரசனுக்கு அவன் தாய் புகட்டிய அறிவுரையோடு தொடங்குகின்றது. பேச இயலாதவர்க்காக வாய் திறக்கவேண்டும் என்பதும் அத்தாயின் அறிவுரைகளுள் ஒன்று. ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்று அந்நூலை என் கையில் வைத்தவரும் என் தாயே. மேலே படிக்க இயலவில்லை.

மறுநாட் காலை சீட்டுடன் அதிகாரி முன் நின்றேன். முதியவர் வேலைக்குத் திரும்பினார். எனக்கு அவ்வாண்டு உயர்வு கிட்டவில்லை, அது முறையே. ஆயினும், அவர் இழந்த மூன்று நாட்கூலியைக் கேட்டுப் பெற்றுத்தர எனக்குத் தோன்றவில்லை. அது இன்றும் நெஞ்சை உறுத்துகின்றது.

சாலமோன் அரசன் இறைவனிடம் செல்வமோ நீண்ட ஆயுளோ வேண்டவில்லை. அவன் வேண்டியது, எபிரேய மூலத்தின்படி, கேட்கும் உள்ளம். நம் வள்ளுவரும் கேள்வியை 42ஆம் அதிகாரமாகவும் அறிவுடைமையை 43ஆம் அதிகாரமாகவும் வைத்தாரன்றோ? கேட்ட பின்னரே அறிவு.

நம் இல்லங்களிலும் பேசாதோர் உளர். பாத்திரம் துலக்க வரும் பெண், மதிப்பெண் குறைந்து தலைகுனிந்து நிற்கும் பிள்ளை, ஊர் நினைவோடு மூலையில் அமர்ந்திருக்கும் பாட்டி ஆகியோரின் குரலைச் சற்றே செவிமடுப்போம். ஞானம் நம் வாயிலில் நின்றே அழைக்கின்றது.