புற்றுநோயாளிக்கு ஒரு குகன்

(மும்பை அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் டாக்டர் அல்ல. பி.எஸ்ஸி. படித்து, மத்திய சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவன். பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்றைச் சொல்லவே எழுந்தேன்.

சில வருஷங்களுக்கு முன் என் மனைவிக்கு கீமோதெரபி நடந்தது. பத்தாம் நாள் ராத்திரி 101 டிகிரி ஜுரம். "இந்த வேளையில் டாக்டரைத் தொந்தரவு பண்ண வேண்டாம், கார்த்தாலே பார்த்துக்கலாம்" என்றாள். நானும் ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். விடிந்தபோது அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி வாசம். பகவான் கிருபையால் பிழைத்தாள்.

கீமோ கொடுத்து ஓரிரு வாரத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும். அந்தச் சமயத்தில் 100.4 டிகிரி ஜுரமே அவசரம். இதைப் பிறகுதான் அறிந்தேன்.

நோயாளி கூப்பிடட்டும் என்றிராமல் ஆஸ்பத்திரியே விசாரித்தால் என்ன? நியூயார்க்கில் டாக்டர் ஈதன் பாஷ் குழுவினர் நோய் முற்றிய 766 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் வலி, வாந்தி, மூச்சுத்திணறல் முதலான 12 உபாதைகளைக் கம்ப்யூட்டரில் பதிந்து வந்தார்கள். மோசமானால் நர்ஸுக்குத் தகவல் போகும். 2017-ல் வெளியான முடிவு: அவர்களில் பாதிப்பேர் 31.2 மாதத்துக்கு மேல் ஜீவித்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கு அது 26 மாதம். முன்பின் கம்ப்யூட்டர் தொடாதவர்களுக்கே பல விஷயங்களில் பலன் அதிகம் என்று 2015-லேயே தெரிவித்திருந்தார்கள்.

இதைக் கவனிக்க வேண்டும். எங்கள் அகத்தில் பாத்திரம் தேய்க்கும் அம்மாளிடம் இருப்பது பட்டன் போன். இங்கிலீஷ் ஆப் அவளுக்கு எதற்கு? மராத்தியில் ஒருவர் போன் செய்து, "ஜுரம் உண்டா? சாப்பிட்டாயா?" என்று கேட்டால் போதும்.

அப்படி வழிகாட்டும் ஏற்பாட்டை 1990-ல் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் ஏழைகளுக்காகத் தொடங்கியவர் டாக்டர் ஹெரால்டு ஃப்ரீமன். நம் பரேல் டாடா மெமோரியலில் இதற்கான பயிற்சிக்கு 'கேவட்' என்று பெயர். ராமரைக் கங்கை கடத்திய படகோட்டி, நமக்குக் குகன்.

ஓய்வு பெற்ற நமக்குப் பொழுதும் இருக்கிறது, போனும் இருக்கிறது. ஆஸ்பத்திரியின் இரவு நேர நம்பரை இன்றே சுவரில் எழுதி ஒட்டுங்கள். தெரிந்த நோயாளியைத் தினம் ஒரு தடவை விசாரியுங்கள். வைத்தியம் சொல்ல வேண்டாம். ஜுரம் என்றால் உடனே கிளம்பச் சொல்லுங்கள். நம்மவர்களோடு நிறுத்தாமல், வாட்ச்மேனையும் வேலைக்காரம்மாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்று ராத்திரி எனக்கு அப்படி ஒரு போன் வரவில்லை.